ஐந்தரை பஸ் ரத்து

மஸ்கட்
3 மே 2025, சனிக்கிழமை

மச்சானுக்கு,

இது புது மெயில் ஐடி. பழைய ஐடியின் பாஸ்வேர்டு உங்களுக்கும் தெரியும் என்பதால் இதைத் திறந்தேன். போனில் உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருப்பது அப்படியேதான் இருக்கிறது. பொங்கல் லீவில் நான் வந்திருந்தபோது, பந்தியில் அத்தனை சொந்தக்காரர்களுக்கு முன்னால், "எந் தங்கச்சியப் பரீட்சை எழுத விடாம வச்சிருக்கீங்களே மாப்ள" என்று கேட்டீர்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அதைப் பேச இதை எழுதவில்லை.

விஷயம் நம்முடைய பிளாக். 'இலுப்பூர் பஸ் நேரம்' பக்கத்தில் கொடும்பாளூர் வழி அட்டவணையைப் பாருங்கள். மாலை 5.30க்கு நேராக 'ரத்து' என்று போட்டிருக்கிறது. அடுத்த பஸ் 6.45. உங்கள் தங்கை சரண்யாவும் இரண்டு வாரமாக இதையேதான் சொல்கிறாள். ஐந்தரை பஸ் நின்றுவிட்டதாம், ஆறே முக்கால் பஸ்ஸில்தான் வர முடிகிறதாம்.

இலுப்பூர் ஜவுளிக்கடையில் ஐந்து மணிக்கு அவள் பில் கவுண்டரை விட்டு இறங்கினால் ஆறேகாலுக்குள் வீட்டில் இருப்பாள். உடனே என்னைக் கூப்பிடுவாள். பத்து நிமிடம் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு, போனை லாக்கரில் வைத்துவிட்டு, நான் ஸ்டோருக்குள் ஐந்து மணி டூட்டிக்குப் போவேன். அங்கே ஆறரை என்றால் இங்கே ஐந்து. இப்போது அவள் வீடு சேர ஏழரை ஆகிவிடுகிறது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நேரத்தில் வீடியோவில் பேசு என்றால், ஆட்கள் பார்ப்பார்கள், மாட்டேன் என்கிறாள்.

பக்கத்தை இப்போது நடத்துவது நீங்கள். அதனால் உங்களைக் கேட்கிறேன். பஸ் நிஜமாகவே நின்றுவிட்டதா? ஆமாம் என்றால் இந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிடச் சொல்லப் போகிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடந்து பார்க்க வேண்டிய வேலை என் வீட்டுக்கு வேண்டாம். சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

சிவபிரகாஷ்

*

இலுப்பூர்
5 மே 2025

மாப்பிள்ளைக்கு,

நாலு மாதம் கழித்து ஒரு கடிதம் வருகிறது, அதில் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று ஒரு வார்த்தை கிடையாது. இருக்கட்டும். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஐந்தரை பஸ் எங்கேயும் போய்விடவில்லை. தினமும் என் ஜெராக்ஸ் கடை வாசலில்தான் வந்து நின்று, ஹாரன் அடித்து என் காதைக் கிழித்துவிட்டுப் போகிறது. உங்கள் மெயிலைப் பார்க்கும் முன்பே இந்த ரத்து விவகாரம் எனக்குத் தெரியும். முந்தாநாள் அந்த பஸ்ஸின் ஓனர் ஆத்மநாதன் கடைக்குள் ஏறி வந்தார். நாலு கஸ்டமர் நிற்கிறார்கள், மனுஷன் கவுண்டரைத் தட்டி, "எம் பஸ்ஸு ஓடலன்னு போடச் சொல்லி ஒனக்கு யாருய்யா காசு குடுத்தா?" என்று கேட்டார். பாதி சீட்டு காலியாகப் போகிறதாம். ஜனங்கள் போனைப் பார்த்துவிட்டு ஆறே முக்காலுக்கே வருகிறார்களாம். ஆறே முக்கால் வண்டிக்காரரிடம் நான் கை நீட்டிவிட்டேன் என்று இப்போது ஸ்டாண்டு முழுக்கப் பேச்சு. டீக்கடையில்கூட என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். மூன்று வருடமாக வெயிலில் நின்று ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நேரம் குறித்துப் போட்டதற்கு எனக்குக் கிடைத்த பேர் இது.

சரி, யார் மாற்றியது என்று பார்த்தேன். அட்டவணையைத் திறந்தால் ஓரத்தில் பழைய பதிப்புகள் வரிசையாக இருக்கும், யார் எந்தத் தேதியில் எத்தனை மணிக்குக் கை வைத்தார்கள் என்று அதுவே எழுதி வைத்திருக்கும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். பார்த்தேன். ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 1.20. மாற்றியவர் பெயர் 'சிவா'.

அந்த பிளாக்குக்குள் போக இரண்டு பேருக்குத்தான் வழி. 'ரெங்கு' நான். 'சிவா' நீங்கள்.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். சரண்யாவை வேலையை விட்டு நிறுத்த உங்களுக்கு ஒரு சாக்கு வேண்டும். நீங்களே ரத்து என்று போட்டுவிட்டு, நீங்களே அதைப் பார்த்துத் திடுக்கிட்டு, என்னையே சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்களா? நான் அவ்வளவு முட்டாள் இல்லை. ஐந்தரை பஸ்ஸைத் திரும்பப் போட்டுவிட்டேன். இனிமேல் அதில் கை வைக்காதீர்கள்.

ரெங்கராஜ்

*

மஸ்கட்
6 மே 2025

மச்சானுக்கு,

ஏப்ரல் 20 உங்கள் நேரப்படி பிற்பகல் 1.20 என்றால் இங்கே 11.50. அந்த நேரத்தில் நான் விசா புதுப்பிக்க மெடிக்கல் செக்கப் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ரசீதில் நேரம் இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். போனைக்கூட வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் மாற்றவில்லை.

என் பெயரில் வேறு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். என் பாஸ்வேர்டு தெரிந்த ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அதை இன்று காலையில் மாற்றிவிட்டேன். இனிமேல் உள்ளே போனால் என் போனுக்கு ஓடிபி வரும்படியும் செய்துவிட்டேன்.

ஆனால் இப்போது எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தரை பஸ் தினமும் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடுகிற பஸ்ஸை ஓடவில்லை என்று சரண்யா எதற்குத் தினமும் என்னிடம் சொல்கிறாள்? ஐந்து மணிக்குக் கடையை விட்டு இறங்குகிறவள் ஆறே முக்கால் வரைக்கும் எங்கே இருக்கிறாள்?

நேற்று ஆத்தாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "எனக்கென்னடா தெரியும், நா என்ன கண்டக்டரா?" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று வைத்துவிட்டது. என் ஆத்தா அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அதற்கும் ஏதோ தெரியும்.

நீங்கள் அவளுக்கு அண்ணன். நான் கேட்கக் கூடாததுதான், ஆனாலும் கேட்கிறேன். நாளைக்கு சாயங்காலம் அவளுக்குத் தெரியாமல் நின்று பாருங்கள். எங்கே போகிறாள், யாரோடு போகிறாள் என்று எழுதுங்கள். நான் கேட்டதாக அவளிடம் சொல்ல வேண்டாம். வேலையை விடுவது பற்றி அதன் பிறகு முடிவு செய்கிறேன். இங்கே சோறு இறங்கவில்லை.

சிவபிரகாஷ்

*

இலுப்பூர்
10 மே 2025

மாப்பிள்ளைக்கு,

பதில் எழுதக் கொஞ்சம் தாமதம். கடையில் கூட்டம், ஸ்கூல் அட்மிஷன் நேரம், ஜெராக்ஸ் மெஷின் வேறு சூடாகி நின்று நின்று ஓடுகிறது.

நீங்கள் சொன்னபடி புதன்கிழமை நின்று பார்த்தேன். கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. சரண்யா ஐந்து மணிக்கு இறங்கினாள், பஸ் ஸ்டாண்டில் பொம்பளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், ஆறே முக்கால் பஸ்ஸில் ஏறிப் போனாள். என் கண்ணால் பார்த்தேன்.

ஐந்தரை பஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அது முன்னே ஓடிக்கொண்டிருந்தது உண்மை. இப்போது நிஜமாகவே நின்றுவிட்டது. ஆத்மநாதன் வண்டியைத் தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்கு விட்டிருக்கிறார், ஷெட்டில் நிற்கிறது. அதனால் பக்கத்தில் திரும்பவும் ரத்து என்று நானே போட்டிருக்கிறேன். நடுவில் ஒரு இரண்டு மூன்று நாள் பஸ் ஓடுவதாக உங்கள் போனில் காட்டியிருந்தால் அது கேஷ் பிரச்சினையாக இருக்கும், பழைய பக்கத்தை எடுத்துக் காட்டியிருக்கும். அதை அழித்துவிட்டுப் பாருங்கள், சரியாகிவிடும்.

இதற்காக வேலையை விடச் சொல்லாதீர்கள் மாப்பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு வீட்டை விட்டு வெளியே வர இருப்பது அந்த ஒரு வேலைதான். எப்படியும் ஜூலை பாதி வரைக்கும்தான் இந்தச் சிரமம். அதற்குப் பிறகு ஐந்தரை பஸ்ஸில் வந்துவிடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ரெங்கராஜ்

*

மஸ்கட்
24 மே 2025

மச்சானுக்கு,

இரண்டு வாரமாக உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி நீங்கள் எழுதியதே எனக்குச் சரியாகப் படவில்லை. கல்யாணமாகி இந்த நாலு வருடத்தில் நீங்கள் அப்படி என்னிடம் சொன்னதில்லை. அப்புறம் அந்த கேஷ். மவுஸை வலது பக்கம் அழுத்து என்றாலே என்னைக் கூப்பிட்ட ஆளுக்கு கேஷ் என்ற வார்த்தை யார் சொல்லிக் கொடுத்தது? எஃப்.சி.க்கு விட்ட வண்டி ஜூலை பாதி வரைக்கும் ஷெட்டிலேயே நிற்குமா? அதுவும் திரும்பி வரும் தேதி உங்களுக்கு எப்படி இப்போதே தெரியும்?

திங்கட்கிழமை பக்கத்துக்குக் கீழே ஒரு கமெண்ட் வந்திருந்தது. விராலிமலையிலிருந்து பிளெஸ்ஸி என்று ஒரு பெண். 'ஐந்தரை பஸ் இன்று நேரத்துக்கு வந்தது, தகவலுக்கு நன்றி' என்று எழுதியிருந்தாள். ரத்து என்று போட்டிருக்கும் பஸ்ஸுக்கு ஒருத்தி எதற்கு நன்றி சொல்கிறாள்?

இங்கே ரூமில் வீட்டுக்குப் பேசுவதற்காக எல்லோரும் போனில் விபிஎன் வைத்திருக்கிறோம். அதைப் போட்டால் நாம் இந்தியாவில் இருந்து பார்ப்பதுபோல் இணையம் நினைத்துக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டு நம் பக்கத்தைத் திறந்தேன். 5.30, ஓடுகிறது. விபிஎன்னை நிறுத்திவிட்டுத் திறந்தேன். 5.30, ரத்து. பத்துத் தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ரூமில் இருப்பவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

பிறகு உள்ளே போய் பிளக்இன் பட்டியலைப் பார்த்தேன். பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு நாட்டுக்கு ஒரு பக்கம் காட்டுகிற பிளக்இன் ஒன்று புதிதாக உட்கார்ந்திருக்கிறது. மே 9, ஏற்றியவர் 'ரெங்கு'. ஓமனில் இருந்து பார்த்தால் மட்டும் ரத்து. ஓமனில் இருந்து அந்தப் பக்கத்தைப் பார்க்கிற ஆள் நான் ஒருவன்தான் மச்சான்.

நான் போட்ட பக்கத்தில், நான் வாங்கிய டொமைனில், எனக்கு மட்டும் ஒரு பொய்யைச் செய்து வைத்திருக்கிறீர்கள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து எதை மறைக்கிறீர்கள்? அவள் யாரோடு இருக்கிறாள்? மூன்று நாள் தருகிறேன். உண்மை வரவில்லை என்றால் சைட்டை மூடிவிடுவேன். சரண்யா அடுத்த நாளே வேலைக்கு வரமாட்டாள்.

சிவபிரகாஷ்

*

இலுப்பூர்
26 மே 2025

மாப்பிள்ளைக்கு,

எழுதிவிடுகிறேன். சரண்யாவைக் கேட்காமல்தான் எழுதுகிறேன், அவள் என்னை மன்னிக்கமாட்டாள்.

அந்தப் புதன்கிழமை நான் நின்று பார்த்தது உண்மை. ஆனால் என் கடை வாசலில் நிற்கவில்லை, டீக்கடை விளம்பர பேனருக்குப் பின்னால் நின்றேன். ஐந்தேகாலைத் தாண்டி ஸ்டாண்டுக்கு வந்தாள். ஐந்தரை பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனாள். உங்களுக்கு என்னென்ன தோன்றியதோ அத்தனையும் எனக்கும் தோன்றியது. சொந்தத் தங்கச்சிக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி, போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு நடந்தேன். அந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அவள் போனது நூலகத்துக்கு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இன்னும் இரண்டு பெண்களோடு பேப்பர் படிக்கும் மேஜையில் உட்கார்ந்து குரூப் நாலு வினாப் புத்தகத்துக்கு விடை போட்டுக்கொண்டிருந்தாள். பென்சிலால் விடையைக் குறிக்கிறாள், சரிபார்க்கிறாள், ரப்பரால் அழிக்கிறாள், முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறாள். அழித்து அழித்துத் தாள் மெலிந்து போயிருக்கிறது. ஆறரைக்கு நூலகத்தைப் பூட்டுகிறார்கள். ஆறே முக்கால் பஸ்ஸுக்கு ஓடி வருகிறாள். அவ்வளவுதான் மாப்பிள்ளை. வேறு யாரும் இல்லை, வேறு எதுவும் இல்லை.

வெளியே வந்தவளை நிறுத்திக் கேட்டேன். வீட்டு அலமாரியில் நீங்கள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் பிளாக் திறந்தே கிடந்ததாம். பாஸ்வேர்டு கேட்கவே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து 5.30ஐ ரத்து செய்திருக்கிறாள். எதற்கு இந்த வேலை என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணே, அவரு அந்தப் பக்கத்தப் பாத்துத்தான் என் நேரத்தக் கணக்குப் பண்றாரு. என்னால வாயத் தொறந்து கேக்க முடியல. அதான் பக்கத்த மாத்துனேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆத்மநாதன் என்னைக் கேவலமாகப் பேசியதைச் சொன்னேன். ஒரு பெரியவர் டயாலிசிஸ் முடித்துவிட்டு வந்து ஐந்தரை பஸ் இல்லை என்று நம்பி, ஓடுகிற பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் என் கடை நிழலில் படுத்துக் கிடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "அந்தப் பக்கத்த அவரு ஒருத்தருதான் பாக்குறாருன்னு நெனச்சேன்" என்றாள். ஒரு நாளைக்கு நானூறு பேர் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். நடு ரோட்டில் நின்று அழுதாள். உடனே எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்றாள்.

விட வேண்டாம் என்று சொன்னது நான். ஜூலை 12 பரீட்சை. போன தடவை மூன்று மார்க்கில் விட்டாள். ஊரில் பஸ் நேரமும் கெடக்கூடாது, அவள் நேரமும் கெடக்கூடாது, அதற்கு என்ன வழி என்று இரண்டு நாள் வீடியோ பார்த்து அந்தப் பிளக்இன்னைக் கண்டுபிடித்தேன். கேஷ் என்ற வார்த்தையும் அங்கே படித்ததுதான். அவளுக்கு அந்தப் பிளக்இன் பற்றி ஒன்றும் தெரியாது. உங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்லப் போனேன். பொன்னுத்தாய் அத்தை நான் பேச ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டது. "அவ படிக்கிறது எனக்குத் தெரியும்ப்பா. எம் மகங்கிட்டச் சொன்னா நிறுத்திப்புடுவான். நீயும் வாயத் தொறக்காத."

நான் உங்களிடம் பொய் சொன்னேன், அது தப்புதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஜனங்கள் வெயிலில் நின்று ஏமாறக் கூடாது என்றுதான் அந்தப் பக்கத்தை ஆரம்பித்தீர்கள். நீங்கள் ஊரை விட்டுப் போனபின் அதை வைத்து உங்கள் பெண்டாட்டிக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிறீர்கள். அவள் உங்களிடம் கேட்கப் பயந்து ஒரு பஸ்ஸையே ரத்து செய்திருக்கிறாள். அதை யோசித்துப் பாருங்கள்.

ரெங்கராஜ்

*

மஸ்கட்
28 மே 2025

மச்சானுக்கு,

சைட்டை மூடிவிட்டேன். இனிமேல் யாருக்கும் எந்த பஸ்ஸும் தெரிய வேண்டாம்.

நூலகத்தில் இருந்தாள் என்று படித்தபோது முதலில் உயிர் வந்தது. அதற்குப் பிறகுதான் வலித்தது. என் பெண்டாட்டி, என் ஆத்தா, என் மச்சான், மூன்று பேருக்கும் தெரியும். எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக மூன்று பேரும் தனித்தனியாக உழைத்திருக்கிறீர்கள்.

அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன் என்று எழுதிவிட்டீர்கள். அந்த நேரத்தில் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியாது. இங்கே மூன்றரைக்கு, அதாவது அங்கே ஐந்து மணிக்கு, கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறப்பேன். இப்போது கடையை விட்டு இறங்கியிருப்பாள். இப்போது பஸ் ஏறியிருப்பாள். இப்போது நம் ஊர் ஸ்டாப், இறங்கி நடக்கிறாள், நாய் பின்னாலேயே வருகிறது. அட்டவணையைப் பார்த்துக்கொண்டே நானும் கூடவே வீட்டுக்கு வருவேன். ஒன்பது பேர் இருக்கிற ரூமில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். ஓடிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸை ஓடவில்லை என்று நம்பி ஐந்து வாரமாக நான் காத்திருந்திருக்கிறேன். அவள் இல்லாத பெஞ்சில் அவளோடு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

பரீட்சை வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. யாரும் கேட்டதில்லை. அவள் பாஸ் செய்து ஏதோ ஓர் ஆபீசில் உட்கார்ந்துவிட்டால், அந்த வீட்டில் நான் எதற்கு? மாதம் ஒருமுறை பணம் அனுப்புகிறவன், அதுவும் தேவைப்படாத பணம். எனக்குப் பயமாக இருந்தது. இதை எழுதிவிட்டேன், யாரிடமும் சொல்லாதீர்கள்.

வேலைக்குப் போகட்டும். ஆனால் ஐந்தரை பஸ்ஸில் வீடு வந்து சேர வேண்டும் என்று இன்று அவளிடம் சொல்லிவிட்டேன். உங்கள் மெயிலுக்கு இனி பதில் வராது.

சிவபிரகாஷ்

*

இலுப்பூர்
9 ஜூன் 2025

மாப்பிள்ளைக்கு,

பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

பிளாக் இல்லாமல் பன்னிரண்டு நாள் ஆகிறது. ஆட்கள் கடைக்கு வந்து கேட்கிறார்கள். ஒரு தட்டியில் எல்லா நேரத்தையும் மார்க்கரில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன், மழையில் கரைந்துவிட்டது. ஆத்மநாதன் வந்து, "எம் பஸ்ஸுதான ஓடலன்னு போட்ட, இப்ப எல்லா பஸ்ஸையுமே நிறுத்திப்புட்டியா?" என்று சிரித்துவிட்டுப் போனார். பழைய கோபம் அவருக்கு இல்லை. ஆனால் என்னை அவர் இன்னும் நம்பவில்லை, அது சிரிப்பிலேயே தெரிந்தது.

நீங்கள் சொன்னபடி சரண்யா ஐந்தரை பஸ்ஸில் போகிறாள். என் கடையைத் தாண்டித்தான் ஏறுகிறாள், உள்ளே திரும்பிப் பார்ப்பதில்லை. நான் உங்களுக்கு எழுதிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாள் மட்டும் உள்ளே வந்து புத்தகம், பென்சில், ரப்பர் எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு என் கவுண்டரில் வைத்தாள். "வேற யாருக்காச்சும் குடுத்துரு" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை. வீட்டில் புத்தகத்தைத் திறக்க அவளுக்கு நேரம் கிடையாது, அது உங்களுக்கே தெரியும். அடுப்பையும் மாட்டையும் பார்த்துவிட்டுப் படுக்கத்தான் நேரம் சரியாக இருக்கும்.

அந்தப் பை இன்னும் இங்கேதான் இருக்கிறது. பரீட்சைக்கு முப்பத்துமூன்று நாள் இருக்கிறது.

உங்களோடு வாதம் செய்ய எனக்குத் தெம்பு இல்லை. நீங்கள் எழுதிய பயத்தை நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இப்போது தினமும் ஆறேகாலுக்கு அவள் முகம் உங்கள் போனில் வருகிறது. என்ன பேசுகிறாள்?

ரெங்கராஜ்

*

மஸ்கட்
14 ஜூன் 2025

மச்சானுக்கு,

ஒன்றும் பேசவில்லை.

கூப்பிடுகிறாள், சரியாக ஆறேகாலுக்கு. சாப்டீங்களா என்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். அதற்குப் பிறகு போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கிறாள். பத்து நிமிடமும் நான் பார்க்கலாம், அவள் தடுக்கவில்லை. நேற்று, நூலகத்துக்குப் போகிறாயா என்று கேட்டேன். "வேணாங்க, பஸ் இருக்குல்ல" என்று மட்டும் சொன்னாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இன்று காலை சைட்டைத் திறந்துவிட்டேன். பார்த்துவிட்டு ஆத்மநாதனிடம் சொல்லுங்கள். உங்கள் பிளக்இன்னை நீக்கிவிட்டேன். ஓமனில் இருந்து பார்த்தாலும் இலுப்பூரில் இருந்து பார்த்தாலும் இனிமேல் ஒரே நேரம்தான். உங்கள் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறேன், உங்கள்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. பிளாக்குக்குள் போக மூன்றாவதாக ஒரு பெயர் சேர்த்திருக்கிறேன், 'சரண்யா'. உங்கள் புது பாஸ்வேர்டு அவளிடம் இருக்கிறது. அவளிடம் பேசி வாங்கிக்கொள்ளுங்கள். அவள் கொடுக்க மாட்டேன் என்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே ஆறு மணிக்கு, அங்கே ஏழரைக்கு, டூட்டி நடுவில் பத்து நிமிடம் வெளியே விடுவார்களா என்று சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. விடாவிட்டால் ஜூலை 12 வரைக்கும் எனக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமை மட்டும் பேசிக்கொள்கிறோம். அவளிடம் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமையிலிருந்து ஆறே முக்கால் பஸ்ஸில் வா என்று. முதலில் அவள் நம்பவில்லை. என்னைச் சோதிக்கிறீர்களா என்று கேட்டாள். பிறகு வெங்காயத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள், ஐந்து நிமிடம் நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையைத் திங்கட்கிழமை அவளிடம் கொடுத்துவிடுங்கள். ஹால் டிக்கெட் வந்ததும் எனக்குப் படம் அனுப்பச் சொல்லுங்கள், பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

பரீட்சை அன்று ஒன்பது மணிக்கு மேல் ஒரு நிமிடம் தாமதமானாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று இங்கே ஒருவர் சொன்னார். நம் ஊர் ஸ்டாப்பில் காலை பஸ் 6.50 என்று பக்கத்தில் போட்டிருக்கிறது. இத்தனை நடந்த பிறகு அந்தப் பக்கத்தை நான் எப்படி நம்புவது? நீங்களே பைக்கில் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் மச்சான்.

சிவபிரகாஷ்